கொல்லையில் ஈயம்: எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது

தென் ஆப்பிரிக்காவில், டர்பனின் மெர்பேங்க் பகுதிக்காரர்களான எங்களுக்கு எல்லாக் கெடுதலுக்கும் ஒரே பதில்தான்: எண்ணெய் ஆலைப் புகைக்கூண்டு. இருமினால் புகைக்கூண்டு, காயப்போட்ட துணி கறுத்தால் புகைக்கூண்டு. 2019-ல் என் பேத்தியின் ரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது நானும் வடக்கே ஆலை இருந்த வென்ட்வொர்த் பக்கம் கையை நீட்டினேன். ஜேக்கப்ஸில் ஒரு பெயின்ட் கம்பெனி லேபில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள் அப்படிச் செய்திருக்கக் கூடாது. பிறகு ஒழுங்காக உட்கார்ந்து, மண்ணை எடுத்து, என்ன ஏது என்று பார்த்தேன். அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

மண்வெட்டியைத் தொடும் முன் கிழவர்களிடம் பேசுங்கள். இந்த இடம் சதுப்பா, காய்கறித் தோட்டமா, மேட்டுக்கு எந்த மண்ணைக் கொட்டினார்கள், யார் கொல்லையில் கார் பழுது பார்த்தார்கள், குப்பையை எங்கே எரித்தார்கள், கரையானுக்கு என்ன மருந்து ஊற்றினார்கள் என்று கேளுங்கள். கேப் டவுனில் மௌப்ரே என்ற இடத்தில் அரசாங்கத்தின் நிலவரைபட அலுவலகம் இருக்கிறது. 1930களிலிருந்து விமானத்திலிருந்து எடுத்த படங்களை வைத்திருக்கிறார்கள், கேட்டால் கொடுப்பார்கள். பத்து வருஷத்துக்கு ஒரு படம் என்று வரிசையாக வைத்துப் பார்த்தால், இன்று புல் மூடிக் கிடக்கும் இடத்தில் அன்று குழி இருந்ததா, கொட்டகை இருந்ததா என்று தெரிந்துவிடும்.

அடுத்து, கொல்லையை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். ஜன்னலுக்கு அடியில், கூரைத் தண்ணீர் சொட்டும் கோட்டில், ரோட்டு வேலி ஓரத்தில், பாத்தியில் (என் வீட்டில் மதும்பி என்கிற சேப்பங்கிழங்கும் கொத்தமல்லியும்), பிள்ளைகள் விளையாடும் இடத்தில், பழைய கொட்டகைக்குப் பின்னால் என்று தனித்தனியாக மண் எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பக்கெட்டில் கலந்து ஒற்றை மண் மாதிரியாகக் கொடுத்தால் கிடைப்பது சராசரி. சராசரியை வைத்துக்கொண்டு யாரையும் பிடிக்க முடியாது.

ஒவ்வொரு இடத்திலும் மூன்று ஆழம்: மேலே 5 சென்டிமீட்டர், பிறகு 15 முதல் 30, அதற்கும் கீழே 50 பக்கம். இந்த ஆழக் கணக்குதான் பாதி வேலையைச் செய்துவிடும். காற்றில் வந்து விழுந்தது மேல்தோலில் அதிகமாக இருந்து கீழே போகப் போகக் குறையும். கொட்டிய மண்ணோடு வந்தது நடுவில் ஒரு பட்டையாக நிற்கும், கூடவே கரியும் செங்கல் துண்டும் கிடக்கும். நிலத்தடியில் ஊறி வந்தது கீழே போகப் போகக் கூடும். 2001-ல் பக்கத்து பிளஃப் பகுதியில் நிலத்தடிக் குழாய் ஒன்றிலிருந்து 10 லட்சம் லிட்டருக்கு மேல் பெட்ரோல் வீடுகளுக்கு அடியில் கசிந்ததே, அது இந்த மூன்றாம் வகை. தோண்டும்போது பெட்ரோல் வாடை அடித்தால் நிறுத்திவிட்டு மாநகராட்சிக்குச் சொல்லுங்கள். அது நம் கைவேலை இல்லை.

உலோகத்துக்கு சுத்தமான பிளாஸ்டிக் கரண்டியும் பையும் போதும். எண்ணெய் வகை பார்க்க வேண்டுமானால் கண்ணாடிப் புட்டியில் காற்று இல்லாமல் விளிம்பு வரை அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, உடனே லேபில் சேர்க்க வேண்டும். பையின் மேல் இடம், ஆழம், தேதி, எடுத்தவர் பெயர் எல்லாம் இருக்கட்டும். ‘பிறகு எழுதிக்கொள்ளலாம்’ என்று விட்ட இரண்டு பைகளை நான் தூக்கி எறிந்திருக்கிறேன்.

ஒப்பிட ஒரு நல்ல மண்ணும் வேண்டும். இங்கேதான் நிறைய பேர் தவறுகிறார்கள். எங்கள் சதுப்பு மண்ணை டர்பனின் பெரியா என்ற மேட்டுப் பகுதிச் செம்மணலோடு ஒப்பிடக் கூடாது. செம்மணலில் இயற்கையாகவே இரும்பு அதிகம், கணக்கு கோணலாகிவிடும். அதே வகை மண், ஆனால் ரோடும் வீடும் தள்ளி இருக்கிற இடமாகப் பாருங்கள்.

லேப் சனாஸ் (தென் ஆப்பிரிக்காவில் லேப்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு) அங்கீகாரம் பெற்றதாக இருக்கட்டும். அங்கே போய் ‘ஈயம் மட்டும்’ என்று கேட்காதீர்கள். காசு மிச்சம்தான், ஆனால் பதில் கிடைக்காது. ஈயம் தனியாக ஊர் சுற்றுவதில்லை, கூட்டாளிகளோடுதான் வரும். பழைய பெயின்ட் என்றால் துத்தநாகமும் பேரியமும் சேர்ந்து வரும், மஞ்சள் பெயின்டாக இருந்தால் குரோமியமும் வரும். ரோட்டுப் பக்கத்து ஈயம் பெட்ரோலிலிருந்து வந்தது. தென் ஆப்பிரிக்காவில் ஈயப் பெட்ரோல் 2006-லேயே போய்விட்டது, மண்ணில் விழுந்தது போகவில்லை. வேலியில் அதிகமாக இருந்து, சில மீட்டர் உள்ளே வந்தால் சரசரவென்று இறங்கும். செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூன்றும் ஒன்றாக நின்றால் மருந்தேற்றிய வேலிக் கம்பத்தைப் பாருங்கள். பாட்டரி ஈயத்தோடு ஆன்டிமனி வரும்.

எங்கள் வீட்டு முடிவு வந்த நாள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஜன்னலடியில் கிலோவுக்கு 210 மில்லிகிராம், பேரியமும் துத்தநாகமும் பக்கத்திலேயே. அறுபதுகளில் கட்டிய வீடு, ஜன்னல் பெயின்ட். என் சொந்தத் தொழில் என்னைப் பார்த்துச் சிரித்தது. ரோட்டு வேலியில் 90. ஆனால் வெளிச் சமையல்கட்டுக்குப் பின்னால், முருங்கையடியில், பேத்தி மண் கிண்டுகிற இடத்தில் 1,900. அரை மீட்டர் ஆழத்தில் 40 தான். நான்கு எட்டு நடந்து தள்ளி எடுத்த மண் மாதிரியில் 120. புகைக்கூண்டிலிருந்து வந்த தூசி இரண்டு பாய் அகலத்தில் மட்டும் விழுமா? துத்தநாகம் சாதாரணம், ஆன்டிமனி மட்டும் எகிறி நின்றது.

பக்கத்து வீட்டு ஆயாவிடம் தாளைக் காட்டினேன். ஆயாவுக்கு எண்பத்து நாலு வயசு. “அங்கதான் உங்க பெரியப்பா சிங்கர் ஊத்துவாரு” என்றார். ஷாட் மீன் பிடிக்க தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டைத்தான் சொன்னார். பழைய கார் பாட்டரியை உடைத்து, பிளேட்டை இரும்புச் சட்டியில் உருக்கி, ஈர மணலில் அச்சு எடுத்து ஊற்றுவாராம். சாம்பலைத் தட்டியது முருங்கைக்கு. அந்த முருங்கைக் கீரையை நாங்கள் எத்தனை வருஷம் பொரித்துச் சாப்பிட்டோம்!

அதற்காகப் புகைக்கூண்டுக்கு நற்சான்று கொடுத்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கனமான எண்ணெய் எரிந்தால் வெனேடியமும் நிக்கலும் சாம்பலில் தங்கும். இரண்டும் இயற்கை மண்ணிலும் இருப்பதால் அவற்றின் அளவை அதே மண்ணின் அலுமினிய அளவால் வகுத்து, ஒப்பீட்டு மண்ணின் விகிதத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் கொல்லையில் எல்லா இடத்திலும், மேல் 5 சென்டிமீட்டரில் மட்டும், ஏறக்குறைய ஒரே அளவில் அந்த விகிதம் கூடியிருந்தது. டர்பன் காற்று கரையை ஒட்டித்தான் அடிக்கும்: ஒரு நாள் வடகிழக்கு, மறுநாள் தென்மேற்கு. பெரியப்பாவைக் கேட்டால் அதையும் சொல்லியிருப்பார். வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என்று இரண்டு எண்ணெய் ஆலைகளுக்கு நடுவில் இருந்த எங்களுக்கு இரண்டு காற்றும் ஒன்றுதான். துறைமுகக் கப்பல்களும் அதே மாதிரி எண்ணெயை எரிப்பதால், இந்த அளவை மட்டும் வைத்து எந்த ஆலை என்று சொல்ல முடியாது. அதற்கு இரண்டு திசையிலும் தெருத் தெருவாக எடுத்து, எந்தப் பக்கம் கூடுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு வீட்டால் ஆகாது. எங்கள் தெருவில் ஆறு வீடு சேர்ந்திருக்கிறோம்.

லேப் கொடுத்த அளவுகளைச் சட்டத்தோடும் ஒப்பிடுங்கள். 2014 மே 2-ல் வந்த மண் தர விதிகளில் வீட்டு மனைக்கு ஈயம் 230 மில்லிகிராம், குடிசைப் பகுதிக்கு 110. குடிசைப் பகுதியில் மண்ணோடு பழக்கம் அதிகம் என்பதால் கணக்கு இறுக்கம். ஆலைகளின் காற்று உரிமத் தாள்களை 2000-ம் ஆண்டுத் தகவல் சட்டத்தில் எழுதிக் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அந்த மௌனத்தையும் தேதி போட்டுக் கோப்பில் வையுங்கள், மேல்முறையீட்டுக்கு அது வேண்டும்.

முருங்கையடி மண்ணை வாரிக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், ஆபத்தான கழிவு எடுக்கிறவர்களிடம்தான் போக வேண்டும். அவர்கள் வருகிற வரைக்கும் தார்ப்பாய் போட்டு மூடி, மேலே கல் வைத்தேன். வெளிச் சமையல்கட்டின் ஆணியில் பெரியப்பாவின் இரும்புச் சட்டி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதையும் அந்த மூட்டையோடு கட்டி அனுப்பினேன்.