பாட்டி எலி தின்ற தீனி பேத்தி வரை போகுமா? செய்தியைச் சோதிக்கும் வழி

"தாயின் உணவு மூன்று தலைமுறையை மாற்றும்" என்று செய்தி வந்தால் முதலில் தலைமுறைகளை எண்ணிப் பாருங்கள். சினை எலிக்குத் தீனியை மாற்றினால் வயிற்றில் இருக்கும் குட்டிக்கும் அதுதான் போகிறது, அந்தக் குட்டிக்குள் பின்னாளில் முட்டையாகவோ விந்தாகவோ ஆகப்போகும் செல்களும் அப்போதே இருக்கின்றன, ஆக பேரக்குட்டி வரை எல்லாமே நேரடி பாதிப்பாக இருக்கலாம். கொள்ளுப்பேரக்குட்டியிலும் மாற்றம் தெரிந்தால்தான் அது தலைமுறை தாண்டியதாகக் கணக்கு. தீனி மாறியது அப்பாவுக்கு என்றால் நேரடி பாதிப்பு அவருடைய விந்து வரைதான், அதனால் பேரக்குட்டியே போதும்.

அப்புறம், முதல் சோதனைக்குப் பின்னால் அதைத் தொடர்ந்து நடந்த சோதனையையும் தேடுங்கள். 2003இல் டியூக் பல்கலைக்கழகத்தில் வாட்டர்லேண்ட், ஜர்டில் என்ற இரு ஆய்வாளர்கள் தாய் எலிகளுக்கு ஃபோலிக் அமிலம், பி12, கோலின், பீட்டெய்ன் சேர்த்துக் கொடுத்தார்கள். முடியின் நிறத்தை மாற்றும் அகூட்டி மரபணுவின் பக்கத்தில் மெத்தில் குறிகள் (டிஎன்ஏ மேல் ஒட்டி மரபணுவை அடக்கிவைக்கும் வேதிக்குறிகள்) கூடின, மஞ்சள் குட்டிகள் குறைந்து பழுப்புக் குட்டிகள் அதிகமாயின. டிஎன்ஏ எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. சரி, இந்தக் குறிகள் தலைமுறைக்குத் தலைமுறை ஏறிக்கொண்டே போகுமா? 2007இல் வாட்டர்லேண்டே பார்த்தார், தாய்வழியில் ஏறவில்லை. செய்திகளில் இந்தப் பாதி பெரும்பாலும் வராது!

அப்பா வழிச் சோதனை என்றால், ஆண் எலியைப் பெண் எலியோடு நேரடியாக இணைசேர விட்டார்களா என்று கவனியுங்கள், ஏனென்றால் இணையைப் பொறுத்து தாய் குட்டியைக் கவனிக்கும் விதமே மாறலாம். விந்தை மட்டும் எடுத்து சோதனைக்குழாயில் கருவாக்கியிருந்தால் நம்பிக்கை கூடும். ஒரே ஈற்றில் பிறந்த எட்டுக் குட்டிகளை எட்டுச் சான்றாக எண்ணியிருந்தால், அவை எல்லாம் ஒரே தாயின் குட்டிகள் என்பதால் அந்தக் கட்டுரையை மூடிவிடலாம்.