மாதக்கணக்கில் நிறுத்தும் வண்டியில் பெட்ரோல் கெடாமல் வைப்பது எப்படி?

வெளிநாட்டு வேலைக்குப் போகிறீர்கள், பைக் வீட்டு வாசலில் நிற்கப் போகிறது. அல்லது அறுவை சிகிச்சை முடிந்து நாலைந்து மாதம் வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தோப்பில் பிரஷ் கட்டர் அடுத்த மழைக்குப் பிறகுதான் வெளியே வரும். இப்படி நிறுத்திவைத்து எடுக்கும்போது ஸ்டார்ட் ஆகாமல் மெக்கானிக்கைக் கூப்பிட்டால், பாதிக்குப் பாதி அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "ஜெட் அடைச்சிருக்கு சார்." ஜெட் என்பது பெட்ரோல் போகும் ஊசித் துளை.

டேங்கில் இருக்கும் பத்து லிட்டரைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுவார்கள். வேலையைக் காட்டுவதோ, பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில் தங்கிப்போன அரை டம்ளர் பெட்ரோல். அதனால் இந்த விளக்கத்தில் பாதி அந்த அரை டம்ளரைப் பற்றியது.

முதலில், பெட்ரோல் ஏன் கெடுகிறது?

மூன்று காரணங்கள். பெட்ரோல் என்பது பல பொருள்கள் சேர்ந்த கலவை. அதில் லேசாக ஆவியாகும் பகுதிதான் குளிர்ந்த எஞ்சினில் முதலில் தீப்பிடிப்பது. மூடி சரியாக இல்லாவிட்டால் அந்தப் பகுதி முதலில் பறந்துவிடும். மிச்சம் இருப்பது பற்றச் சோம்பல்படும். இரண்டாவது, காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டுப் பட்டு பெட்ரோல் மெல்லப் பிசினாக மாறும். பழைய பெட்ரோலில் வரும் வார்னிஷ் மாதிரியான வாசனை இதனால்தான்.

மூன்றாவது எத்தனால். இந்தியாவில் இ20 பெட்ரோல், அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி இன்று கிட்டத்தட்ட எல்லா பங்க்கிலும் அதுதான் கிடைக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கொஞ்சம் ஈரம் என்றால் தன்னோடு கலந்து வைத்துக்கொள்ளும், பிரச்சினை இல்லை. அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துப் பிரிந்து அடியில் போய் உட்கார்ந்துவிடும். எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும் வழியும் டேங்கின் அடியில்தான் இருக்கிறது. ஆக முதலில் உள்ளே போவது அந்தத் தண்ணீர்க் கலவை. அது இரும்பையும் அரிக்கும், அலுமினியத்தையும் அரிக்கும்.

வீட்டில் வைத்திருக்கும் சாதாரண பங்க் பெட்ரோலுக்கு மூன்று மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மூடி, நிழல் என்று இருந்தால் அதற்கு மேலும் தாங்கும். நம்ம ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் அதை நம்பி இருக்க வேண்டாம். பங்க்கில் கூடுதல் விலைக்கு விற்பதெல்லாம் எத்தனால் இல்லாத பெட்ரோல் என்றும் நினைத்துவிடாதீர்கள், கேட்டு வாங்குங்கள்.

படி 1: உங்கள் வண்டி எந்த வகை?

இது தெரியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். ஏனென்றால் ஒன்றுக்குச் செய்வதை இன்னொன்றுக்குச் செய்யக் கூடாது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை மாசு விதி வந்த பிறகு வெளிவந்த பைக், ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். அதாவது பம்ப் அழுத்தத்தில் பெட்ரோலைத் தெளிக்கும் வகை. அதற்கு முந்தைய சாதாரண வண்டிகள் பெரும்பாலும் கார்புரேட்டர். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ய இழுக்கும் சோக் லீவர் இருந்தால் கார்புரேட்டர் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். சாவியைத் திருப்பியதும் டேங்க் பக்கமிருந்து ஓரிரு விநாடி 'உய்ங்' என்று சத்தம் வந்தால் அது இன்ஜெக்‌ஷன் வண்டியின் பெட்ரோல் பம்ப். சின்ன ஜெனரேட்டர், பவர் ஸ்ப்ரேயர், பிரஷ் கட்டர் எல்லாம் பெரும்பாலும் கார்புரேட்டர்தான்.

படி 2: டேங்கை நிரப்புங்கள் (பைக், ஸ்கூட்டருக்கு)

நிறுத்துவதற்கு முந்தைய நாள் கூட்டமுள்ள ஒரு பங்க்கில் புதுப் பெட்ரோல் போட்டு டேங்கை நிரப்புங்கள். காலியாக வைப்பதுதானே நல்லது என்று தோன்றும். ஆனால் இரும்பு டேங்கில் காலி இடம் இருந்தால் அங்கே ஈரக் காற்று நிற்கும், ராத்திரி குளிரில் அது சுவரில் வியர்க்கும், துரு பிடிக்கும். பெட்ரோல் நனைத்திருக்கும் சுவர் அவ்வளவு சுலபமாகத் துருப்பிடிக்காது.

அதற்காகக் கழுத்து வரை ஊற்றவும் கூடாது. 10 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 200 மில்லி பெருகும். அது எங்கே போகும்? மூடி வழியாக வழியும். ஓர் அங்குலம் குறைவாக விடுங்கள்.

மூன்று மாதத்துக்கு மேல் நிற்கப் போகிறது என்றால் பெட்ரோல் கெடுவதைத் தாமதப்படுத்தும் ஃப்யூயல் ஸ்டெபிலைசர் என்ற திரவத்தையும் சேர்க்கலாம். கார் பொருள்கள் விற்கும் கடையிலும் இணையத்திலும் கிடைக்கும். அளவு டப்பாவிலேயே இருக்கும். "கொஞ்சம் அதிகமாக ஊற்றினால் நல்லதுதானே" என்று ஊற்ற வேண்டாம். முக்கியமானது, இது புதுப் பெட்ரோலுக்குத்தான். கெட்டுப்போனதை இது திருப்பி நல்லதாக்காது. சேர்த்தபின் பத்து நிமிடம் வண்டியை ஓட்டுங்கள். அப்போதுதான் மருந்து கலந்த பெட்ரோல் குழாய், கார்புரேட்டர், இன்ஜெக்டர் வரை போய்ச் சேரும்.

டேங்கில் அந்துருண்டை போடும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. மைலேஜுக்கும் உதவாது, பெட்ரோலையும் காக்காது. கரைந்த அந்துருண்டை திரும்பப் படிந்தால் அடைப்புதான் மிச்சம்.

படி 3: கார்புரேட்டரை வடித்துவிடுங்கள்

இதுதான் விஷயமே. கார்புரேட்டரின் அடியில் ஃப்ளோட் பவுல் என்று ஒரு சின்னக் கிண்ணம் உண்டு. அதற்குக் காற்றுத் துளை இருப்பதால் டேங்கைப் போல மூடிய இடம் அல்ல. சில வாரங்களிலேயே உள்ளே இருக்கும் கொஞ்சம் பெட்ரோல் ஆவியாகி, பிசின் மட்டும் தங்கும். அங்கிருந்து பெட்ரோலை உறிஞ்சும் பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு படலம் படிந்தாலே போதும், கதை முடிந்தது. நிறுத்திவைத்து எடுத்த வண்டி சோக் போட்டால் ஓடுகிறது, சோக்கை எடுத்ததும் ஐடிலில் (ஆக்சிலரேட்டர் திருகாமல் ஓடும்போது) அணைகிறது என்றால் இந்த ஜெட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, டேங்குக்குக் கீழே பெட்ரோலைத் திறந்து மூடும் திருகை, அதாவது பெட்ரோல் காக்கை, 'ஆஃப்' பக்கம் திருப்புங்கள். ரிசர்வ் பக்கம் அல்ல. அதில் பெட்ரோல் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அப்புறம் எஞ்சினைத் தானாக அணையும் வரை ஓடவிடுங்கள். சில நிமிடம் ஆகும்.

அதோடு முடியவில்லை. அணைந்த பிறகும் கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் தங்கியிருக்கும். எஞ்சின் நன்றாக ஆறட்டும். கிண்ணத்தின் அடியிலோ பக்கத்திலோ ஒரு வடிகால் ஸ்க்ரூ இருக்கும். கீழே ஒரு தகர டப்பா வைத்து, அதை ஓரிரு சுற்று தளர்த்தினால் மிச்சம் வடியும். முழுக்கக் கழற்ற வேண்டாம், புல்லில் விழுந்தால் கிடைக்காது. வடிந்ததும் இறுக்குங்கள். பித்தளை ஸ்க்ரூ, அளவோடு இறுக்கினால் போதும்.

பழைய கார்புரேட்டர் ஸ்கூட்டர்களில் பலவற்றில் கையால் திருப்பும் காக் இருக்காது; எஞ்சின் ஓடும்போது மட்டும் பெட்ரோல் விடும் தானியங்கி வால்வு இருக்கும். அவற்றுக்கு எஞ்சினை அணைத்துவிட்டு வடிகால் ஸ்க்ரூவைத் திறந்தாலே வேலை முடிந்தது.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் இந்தப் படியே கிடையாது. அதில் பெட்ரோலைத் தீர்த்து அணைய விடவே கூடாது. பம்ப் டேங்குக்குள் மூழ்கியிருக்கிறது. அதைக் குளிர வைப்பதும் மசகிடுவதும் அந்தப் பெட்ரோல்தான். நிறைந்த டேங்க், ஸ்டெபிலைசர், பத்து நிமிட ஓட்டம், போதும். காருக்கும் இதே கதைதான். மூடிய அமைப்பு என்பதால் அதில் பெட்ரோல் இன்னும் நிதானமாகத்தான் கெடும்.

படி 4: தண்ணீர் உள்ளே போகாமல் பாருங்கள்

பல பைக்குகளில் டேங்க் மூடியைத் திறந்தால் விளிம்பில் ஒரு சின்னத் துளை தெரியும். மேலே விழும் மழைத் தண்ணீர் அதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதில் தூசி அடைத்திருந்தால் ஐப்பசி மழை நேராக டேங்குக்குள் போகும். ஒரு மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். மூடியின் ரப்பரில் வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள்.

நிழலில், கூரையடியில் நிறுத்துங்கள். தார்ப்பாயைப் போட்டு இறுக்கிக் கட்டினால் உள்ளே புழுங்கும். காற்று போகும் துணி உறை நல்லது. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள்.

"வாரம் ஒருமுறை ரெண்டு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வை" என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவார்கள். இதில் பேட்டரி இறங்குவதுதான் நடக்கும், சைலன்சருக்குள் தண்ணீரும் சேரும். கார்புரேட்டரை வடித்து வைத்திருந்தால் அதுவும் வீண். வீட்டில் ஓட்டத் தெரிந்தவர் இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இருபது நிமிடம் சாலையில் ஓட்டச் சொல்லுங்கள். ஆள் இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

படி 5: ஜெனரேட்டரும் தோட்டத்து எஞ்சின்களும்

கஜா, மிக்ஜாம் மாதிரி புயல் வந்தால் மட்டும் வெளியே எடுக்கும் ஜெனரேட்டருக்கு என் சிபாரிசு வேறு: டேங்கையும் காலி செய்யுங்கள். பெட்ரோலை வடித்து வண்டிக்கு ஊற்றிவிட்டு, மிச்சத்தை ஓடித் தீர்க்கவிட்டு, கிண்ணத்தையும் வடியுங்கள். டேங்க் இரும்பு என்றால் உள்ளே ஈரம் இல்லாமல் காயவிட்டு மூடி வையுங்கள். வருடத்தில் பதினொரு மாதம் தூங்கும் இயந்திரத்துக்கு இ20 பெட்ரோலை நிரப்பி வைப்பதில் லாபம் இல்லை. புயல் எச்சரிக்கை வந்ததும் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். புயல் கரை கடந்த பிறகு போனால் வரிசைதான். ஓட்டும்போது வீட்டுக்குள்ளோ வராந்தாவிலோ வைக்காதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

பிரஷ் கட்டர் போன்ற டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களில் பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றுகிறோம். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. எது என்று இயந்திரத்தின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கலந்த பெட்ரோல் தனியாக இருப்பதைவிட வேகமாகப் பழசாகும். ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, ஐடிலில் ஓடி அணையவிடுங்கள். அடுத்த முறை ஊற்றும் முன் கேனை நன்றாகக் குலுக்குங்கள்.

படி 6: கேனில் வைப்பதாக இருந்தால்

1934-ஆம் ஆண்டு பெட்ரோலியம் சட்டம், விற்பனைக்கு இல்லாமல் 30 லிட்டர் வரை உரிமம் இன்றி வைத்திருக்க அனுமதிக்கிறது. பாத்திரத்தைப் பற்றியும் சொல்கிறது: இறுக மூடிய உலோகம் என்றால் 25 லிட்டர் வரை, கண்ணாடி, பீங்கான் என்றால் ஒரு லிட்டர் வரை. அந்தப் பட்டியலில் தண்ணீர் பாட்டில் இல்லை. வீட்டில் 5 லிட்டருக்கு மேல் வைக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

நிரப்பும்போது கேனைத் தரையில் வையுங்கள், வண்டி மேல் வைத்துப் பிடிக்காதீர்கள். நிலை மின்சாரப் பொறி ஒன்று போதும். மேலே கொஞ்சம் இடம் விட்டு மூடி, வாங்கிய தேதியை டேப்பில் எழுதி ஒட்டுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். ஆகவே அடுப்பு, பூஜை விளக்கு, இன்வெர்ட்டர் இருக்கும் அறை வேண்டாம். வெளியே, நிழலில், குழந்தைகள் கைக்கு எட்டாத பூட்டிய இடம்.

படி 7: திரும்ப எடுக்கும்போது

உடனே செல்ஃப் அடிக்காதீர்கள். டேங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். டியூபில் வாய் வைத்து உறிஞ்ச வேண்டாம், பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான். கடையில் கைப் பம்ப் கிடைக்கிறது. தெளிவாக, வழக்கமான வாசனையோடு இருந்தால் காக்கைத் திறந்து, கிண்ணம் நிறைய ஒரு நிமிடம் விட்டு, சோக் போட்டு ஸ்டார்ட் செய்யலாம். கொஞ்சம் பழசு மாதிரித் தெரிந்தால் புதுப் பெட்ரோலைச் சேர்த்து ஓட்டித் தீர்த்துவிடுங்கள்.

நிறம் கறுத்து வார்னிஷ் வாசனை அடித்தாலோ, பாட்டிலில் வைத்த சற்று நேரத்தில் அடியில் தனி அடுக்கு தெரிந்தாலோ அதை எதிலும் ஊற்றாதீர்கள். புதுசோடு கலந்தாலும் சரியாகாது. முழுக்க வடித்து, டேங்கைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் புதுசு ஊற்ற வேண்டும். வடித்ததைச் சாக்கடையிலோ கிணற்றுப் பக்கமோ கொட்டாமல், கழிவு எண்ணெயை முறையாக அனுப்பும் சர்வீஸ் சென்டரில் கேட்டுக் கொடுங்கள்.