இம்போர்ட் வரியில் ஓர் அரைப்புள்ளி கூடிப்போனால்
பினாங்கு, பாயான் லெப்பாஸில் உள்ள எங்கள் அலுவலகத்தில், ஒரே ஜாவா நிரல் கோப்பு என் கணினியில், நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்குத் தொகுக்கும் கம்பைலரான ஜாவாக்கிடம் (javac) தடையின்றித் தேறிவிட்டு, சக ஊழியர் நிரல் எழுதப் பயன்படுத்தும் எக்லிப்ஸ் மென்பொருளில் மட்டும் சிவப்புக் கோடு வாங்கியது. உற்றுப் பார்த்தபோது, நடுவிலிருந்த ஓர் இம்போர்ட் வரியின் (வேறிடத்து நிரல் வகுப்புகளைப் பயன்படுத்த அறிவிக்கும் வரி) முடிவில் அரைப்புள்ளி இரண்டு முறை விழுந்திருந்தது.

ஜாவா மொழியின் வரையறைப்படி, தனித்து நிற்கும் அரைப்புள்ளி வகுப்புகளை அறிவிக்கும் பகுதியைச் சேர்ந்தது. அப்பகுதி தொடங்கிய பின் மீண்டும் இம்போர்ட் வரி வரக்கூடாது என்பதால், தனக்கென ஒரு கம்பைலரை வைத்திருக்கும் எக்லிப்ஸ் அதைப் பிழை என்று சொன்னதே சரி. கடைசி இம்போர்ட் வரிக்குப் பின் அதே அரைப்புள்ளி வந்தால் விதிப்படி தவறில்லை.

நெடுங்காலம் கண்டும் காணாமல் இருந்த ஜாவாக், 2023இல் வெளியான ஜேடிகே 21 (ஜாவா நிரலாக்கக் கருவித்தொகுப்பின் 21ஆம் பதிப்பு) முதல் தானும் பிழை என்கிறது. 21க்கு முந்தைய மொழிப் பதிப்பைக் குறிப்பிட்டுத் தொகுத்தால் மட்டும் எச்சரிக்கையோடு விட்டுவிடும். (எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள் என்பது வேறு கதை.)

ஆகவே பழைய நிரல்களை ஜேடிகே 21க்கு மாற்றுமுன், இரட்டை அரைப்புள்ளி எங்கெல்லாம் உள்ளது என்று தேடி ஒன்றை நீக்கிவிடுங்கள். ஆனால் முடிவில்லாத ஃபார் சுழலின், அதாவது for(;;) என்பதன், அடைப்புக்குறிக்குள் இருக்கும் இரண்டையும் தொட்டுவிடாதீர்கள்.