ஒரே கணக்குக்கு இரண்டு பாஸ்கீ: எதை அழிப்பது?

எங்கள் வீட்டில் லாகின் தகராறு எது வந்தாலும் பஞ்சாயத்து என்னிடம்தான். இப்போது அடிக்கடி வருவது பாஸ்கீ வழக்கு. பாஸ்கீ என்பது கடவுச்சொல்லுக்குப் பதில் கைரேகை, முகம் அல்லது பின் எண் காட்டி உள்ளே போக உதவும் டிஜிட்டல் சாவி. உள்ளே போகப் பார்த்தால் ஒரே மின்னஞ்சல் முகவரி இரண்டு தடவை தெரிகிறது. ஒன்றை அழுத்தினால் திறக்கிறது, மற்றதை அழுத்தினால் பிழை. "ரெண்டுல ஒண்ணை அழிச்சிடவா?" என்று அக்கா கேட்கிறாள். அழிக்கலாம், ஆனால் எது எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகு.

முதலில் பயனர் பெயரை முழுசாகப் படியுங்கள். ஒரே விண்டோஸ் கணக்கை இரண்டு பேர் பயன்படுத்தினால் இருவருடைய பாஸ்கீயும் ஒரே பட்டியலில்தான் வரும். அது இரட்டை இல்லை. ஆளுக்கொரு விண்டோஸ் கணக்கு வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

பெயரும் ஒன்றுதான் என்றால், பெரும்பாலும் சாவி இரண்டு இடங்களில் சேமிக்கப்பட்டிருக்கும். ஒரே இடத்தில் ஒரே கணக்குக்கு இரண்டாவது சாவி உருவாவதைத் தளங்கள் பொதுவாகத் தடுத்துவிடும். ஆனால் விண்டோஸ் ஹலோவில் (கைரேகை, முகம், பின் எண்ணால் திறக்கும் விண்டோஸின் சொந்த வசதி) இருப்பது, குரோம் உலாவியில் இருக்கும் கூகுள் பாஸ்வேர்டு மேனேஜருக்குத் தெரியாது. எங்கே சேமிக்கட்டும் என்று கேட்கும் அந்தச் சின்னப் பெட்டியை யார் படிக்கிறார்கள்? ஒருநாள் இது, இன்னொரு நாள் அது.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸுக்குள் அக்கவுண்ட்ஸ், அதற்குள் பாஸ்கீஸ் என்ற பக்கத்தைத் திறங்கள். அப்புறம் குரோமின் பாஸ்வேர்டு மேனேஜரில் அந்தத் தளத்தின் பெயரைத் தேடுங்கள். கடைசியாக, தளத்திலேயே உங்கள் கணக்கின் பாதுகாப்புப் பக்கம். எந்தச் சாவி எப்போது உருவானது, கடைசியாக எப்போது பயன்பட்டது என்று பல தளங்கள் அங்கே காட்டும்.

அந்தப் பிழைக்குக் காரணம் இதுதான்: பாஸ்கீ ஒரு ஜோடி. ரகசியச் சாவி உங்களிடம், அதற்கு இணையான பொதுச் சாவி தளத்திடம். ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் தானாக அழியும் என்று நம்ப முடியாது. தளத்தில் நீக்கப்பட்ட சாவி கணினியில் கிடந்தால், பட்டியலில் தெரியும், திறக்காது.

எதை வைத்துக்கொள்வது? வீட்டுக் கணினிக்கு, போனோடு ஒத்திசைவில் இருப்பதையே, அதாவது பாஸ்வேர்டு மேனேஜர் வழியாகப் போனிலும் கிடைக்கும் சாவியையே வைக்கச் சொல்வேன். விண்டோஸ் ஹலோவில் இந்தக் கணினிக்குள் மட்டும் இருக்கும் சாவி, விண்டோஸை அழித்து மறுபடி நிறுவினால் போய்விடும்.

சரி, வரிசை முக்கியம். ஒரு தடவை வெளியேறி, வைத்துக்கொள்ளப்போகும் சாவியால் உள்ளே வாருங்கள். பாதுகாப்புப் பக்கத்தில் அதன் 'கடைசிப் பயன்பாடு' மாறியிருக்கிறதா பாருங்கள். பெயர் மாற்ற வசதி இருந்தால் அடையாளம் தெரிகிற மாதிரி பெயர் வையுங்கள். மீட்பு மின்னஞ்சலும் எண்ணும் இன்னும் உங்களுடையவைதானா என்றும் பார்த்துவிடுங்கள். அதன் பிறகே மற்றதைத் தளத்தில் நீக்கி, அப்புறம் கணினியிலும் நீக்குங்கள்.

பாஸ்வேர்டு மேனேஜரில் நீக்கும்போது மட்டும் கவனம்: ஒத்திசைவில் இருக்கும் சாவி போனிலிருந்தும் போய்விடும். எல்லாம் முடிந்தும் பழைய பெயர் தலைகாட்டினால் உலாவியை மூடித் திறங்கள். அப்போதும் வந்தால் உலாவி நீட்டிப்புகளை (உலாவியில் கூடுதலாகச் சேர்த்த சிறு செயலிகளை) பாருங்கள். என்றோ நிறுவிய வேறொரு பாஸ்வேர்டு மேனேஜர் தன் பங்குக்கு ஒரு சாவி வைத்திருக்கலாம்.