இரண்டாம் பாகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும் முன்

கோடை லீவு விட்டதும் மதுரை வெயிலுக்குப் பயந்து ஏசி தியேட்டருக்கு ஓடுகிறோம். அதிலும் அனிமேஷன் படத்தின் இரண்டாம் பாகம் என்றால் யோசிப்பதே இல்லை. முதல் பாகம் நன்றாக இருந்ததே, இதுவும் இருக்கும் என்று டிக்கெட் போட்டுவிடுகிறோம். முதல் தவறு அதுதான்.

அழகர் வருடா வருடம் அதே வைகையில்தான் இறங்குகிறார். ஆனாலும் இந்தத் தடவை என்ன நிறப் பட்டு என்று பார்க்கத்தான் அத்தனை கூட்டமும் விடிய விடியக் காத்துக் கிடக்கிறது. இரண்டாம் பாகத்திலும் அதையே கேளுங்கள்: பழைய ஆளுக்குப் புதிதாக என்ன வந்திருக்கிறது? 2015இல் வந்த 'இன்சைட் அவுட்'டில் ரைலி என்ற சிறுமிக்கு 11 வயது. அவள் தலைக்குள் மகிழ்ச்சி, சோகம் போன்ற உணர்ச்சிகளே ஆட்களாகக் குடியிருக்கின்றன. 2024இல் வந்த இரண்டாம் பாகத்தில் 13. அதற்குள் அவள் தலைக்குள் பதற்றம் என்று ஒரு புது ஆள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கி, பழைய ஆட்களை ஓரங்கட்டிவிடுகிறது. எட்டாவது படிக்கிற பிள்ளை உள்ள வீட்டில் இதை விளக்க வேண்டியதே இல்லை.

ட்ரெய்லரில் காட்டும் பிரம்மாண்டத்தில் மயங்குவது அடுத்த தவறு. 'புஸ் இன் பூட்ஸ்: தி லாஸ்ட் விஷ்' (2022) படத்தில் வாள்சண்டைக்குக் குறைவே இல்லை. ஆனால் மனதில் நிற்பது வேறு. ஒன்பது உயிரில் எட்டைத் தொலைத்த பூனை, ஓநாய்க்குப் பயந்து காட்டுக்குள் ஓடி, மரத்தடியில் மூச்சுத் திணறி நிற்கிறது. கூட வந்த நாய்க்குட்டி அதன் மேல் தலையைச் சாய்த்துக்கொள்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் பூனைக்கு மூச்சு சீராகிறது. அவ்வளவுதான் காட்சி. சண்டையெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

அந்த ஓநாய் சின்னப் பிள்ளைகளை ராத்திரி தூங்க விடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'கார்ட்டூன்தானே' என்று கைக்குழந்தை வரை தூக்கிப் போவது நம் ஊர்ப் பழக்கம். இப்போது சான்றிதழிலேயே யு/ஏ 7+, 13+, 16+ என்று வயதைப் பிரித்துப் போடுகிறார்கள். ஒரு பார்வை பார்த்தால் போதும்.

எத்தனை வருடம் கழித்து வந்தது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 'இன்க்ரெடிபிள்ஸ்' (2004) இரண்டாம் பாகத்துக்கு 14 வருடம் ஆனது. கதையோ விட்ட இடத்திலிருந்தே, சூடு ஆறாமல் தொடங்குகிறது. 'மோனா 2' (2024) எட்டு வருடம் கழித்து வந்தது. முதலில் அதை ஓடிடி தொடராகத்தான் திட்டமிட்டார்கள், பிறகுதான் படமாக்கினார்கள். அந்த ஒட்டு இன்னும் தெரிகிறது என்பது என் கருத்து.

முதல் பாகம் பார்க்காத பிள்ளைக்கு முந்தின ஞாயிறு வீட்டிலேயே போட்டுக் காட்டிவிடுங்கள். தமிழ் டப்பிங் காட்சியா என்றும் பார்த்து டிக்கெட் போடுங்கள். இங்கிலீஷ் காட்சியில் வரிக்கு வரி பிள்ளை காதில் அர்த்தம் சொன்னால் உங்களுக்கும் படம் போச்சு, பின்சீட்டுக்காரருக்கும் போச்சு.