கார்பே அருவிக்கு முதல் முறை போகிறவர்களுக்கு: கப்பெஸ்தேரிலிருந்து ஒரு நாள்

கரீபியன் கடலிலுள்ள குவாதலூப் தீவில் கப்பெஸ்தேர்-பெல்லோ என்ற கடலோர ஊருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கார்பே அருவியைப் பார்க்கத்தான் வருகிறார்கள். அருவி ஒன்றல்ல, மூன்று. மூன்றுக்கும் ஒரே வழி கிடையாது. இது தெரியாமல் கிளம்பினால் பாதி நாள் காரிலேயே போய்விடும்.

அதற்கு முன் விசா. குவாதலூப் பிரான்சின் பகுதிதான், ஆனால் ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா செல்லும் ஷெங்கன் எல்லைக்குள் வராது. பாரிசுக்கு வாங்கிய விசாவே போதும் என்று நீங்களாக முடிவு செய்யாமல், விண்ணப்பிக்கும்போதே குவாதலூப்புக்கும் செல்லுமா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 1: எந்த அருவி?

முதல் அருவி சுமார் 115 மீட்டர், இரண்டாவது 110, மூன்றாவது வெறும் 20. 20 மீட்டர்தானே, சுலபமாக இருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். மூன்றில் அதிகத் தண்ணீர் விழுவது அதில்தான். அதற்கு ரூத்தியே பக்கமாக வேறொரு சாலையில் போக வேண்டும். கடைசி இறக்கம் செங்குத்து, மண் அரித்துக் கிடக்கும். முதல் அருவிக்கு இரண்டாவது அருவிப் பாதையிலிருந்து பிரிந்து, போக மட்டும் ஒன்றரை மணி நேரம் சேற்றிலும் வேரிலும் ஏற வேண்டும். முதல் முறை போகிறவர்களுக்கு இரண்டாவது அருவிதான் சரி. கூடவே கிராண்ட் எத்தாங் ஏரியைச் சேர்த்துக்கொண்டால் ஒரு நாள் நிறைந்துவிடும்.

படி 2: கார், காலை நேரம்

வாடகைக் கார் எடுங்கள். ஊர் வரைக்கும் பஸ் உண்டு, மலை மேலே போக அதை நம்ப முடியாது. ஊரிலிருந்து பாஸ்-தேர் திசையில் போனால் இருபுறமும் ராஜபனைகள் நிற்கும் துமனுவார் சாலை வரும். அதன் பின் சான் சோவேரில் டி4 சாலைக்குத் திரும்ப வேண்டும். முதலில் வாழைத் தோட்டம், பிறகு அடர்ந்த காடு. சாலை குறுகல், வண்டி ஓடுவது வலப்பக்கம். வளைவுகளில் ஹாரன் அடித்துப் போவது நல்லது.

காலை ஏழரைக்குள் கிளம்புங்கள். பொழுது ஏற ஏற மலையை மேகம் மூடிவிடும், நடந்து போயும் வெள்ளைப் பனிதான் தெரியும். தெளிவான காலையில் கடற்கரையிலிருந்தே அருவிகள் பச்சை மலையில் வெள்ளைக் கோடாகத் தெரியும். கோடு தெரிந்தால் உடனே வண்டியை எடுங்கள்.

படி 3: ஆற்றைப் படிப்பது

பலரும் தவறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாக. கார்பே ஆறு பிறப்பது 1,467 மீட்டர் உயர சூஃப்ரியேர் எரிமலையின் சரிவில். அதன் உச்சியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 10 மீட்டர் மழை பெய்கிறது. கீழே நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மேலே கொட்டிய மழை ஆற்றில் இறங்கி வந்துகொண்டிருக்கும். வானத்தைப் பார்த்துப் பயனில்லை, தண்ணீரைப் பாருங்கள்.

தெளிந்த நீர் திடீரென்று கலங்குகிறதா? இலையும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வருகிறதா? சத்தம் கனக்கிறதா? காலடியில் தெரிந்த கல் முழுகிவிட்டதா? இதில் ஒன்று நடந்தாலும் பையைத் தேடாமல் கரையேறி மேட்டுக்குப் போங்கள். ஓடையின் அக்கரையில் மாட்டிக்கொண்டால் திரும்பக் கடக்க முயலாதீர்கள். வெள்ளம் வந்த வேகத்திலேயே வடிவதும் உண்டு, காத்திருங்கள்.

படி 4: நடை

நுழைவிடத்தில் சில யூரோ கட்டணம், சில்லறை வைத்திருங்கள். அன்று எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதையும் அங்கேயே கேளுங்கள். அருவி தெரியும் மேடைக்கு 20 முதல் 30 நிமிடம். 2004 நவம்பர் 21 நிலநடுக்கத்துக்குப் பிறகு பாறைகள் சரிந்ததால் இரண்டாவது அருவியின் அடிக்குப் போகும் வழி மூடப்பட்டது. நமக்கு அருவி என்றாலே தலையைக் கொடுத்துக் குளிக்கும் இடம். இங்கே பார்ப்பதோடு சரி.

செருப்பு வேண்டவே வேண்டாம். புத்தம்புது ஓட்டப்பந்தய ஷூவும் ஈரப் படியில் வழுக்கும். அடியில் ஆழமாகப் பள்ளம் வெட்டிய ரப்பர் ஷூதான் என் தேர்வு, விலை குறைந்ததானாலும் பரவாயில்லை. குடையை விட மழைக்கோட்டு மேல், இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். போனை இரண்டு ஜிப் கவருக்குள் போடுங்கள். கொசு மருந்து கட்டாயம், டெங்கு உண்டு. விஷப் பாம்பு இந்தத் தீவில் இல்லை, அந்தப் பயம் வேண்டாம்.

இறங்கும் வழியில் கிராண்ட் எத்தாங். சுற்றிவர ஏறக்குறைய ஒரு மணி நேரம். தண்ணீரிலிருந்து தோல் வழியே தொற்றும் பில்ஹார்சியா என்ற புழு நோய் காரணமாக ஏரியில் குளிக்கத் தடை.

படி 5: மாலையில் ஊர்

சாங்கி பகுதியில் சாலையோரம் வண்ணச் சிலைகளோடு ஒரு கோயில் நிற்கும். கரும்புத் தோட்ட வேலைக்கு இந்தியர்களை ஏற்றிய முதல் கப்பல் 1854 டிசம்பர் 24 அன்று குவாதலூப் வந்தது. பிறகு வந்தவர்களில் தமிழர் ஏராளம். இங்கே மாரியம்மன் ‘மாலியெமன்’ ஆகியிருக்கிறாள், மதுரை வீரன் பெயரும் உருமாறியிருக்கிறது. இந்தியர்களின் வாக்குரிமைக்காக 1904இல் தொடங்கி நீதிமன்றத்தில் போராடிய ஆன்றி சிதம்பரம் பிறந்ததும் இதே ஊரில்தான். வழிபாடு நடந்தால் படம் எடுக்குமுன் கேளுங்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்ட இரண்டு

“மாலையில் கடற்கரைக்குப் போகலாமா?” ரோசோ கடற்கரை இருக்கிறது. ஆனால் சர்காசம் பாசி ஒதுங்கிய நாட்களில் கரையில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு. ஆஸ்துமா இருப்பவர்கள், குழந்தைகள் அன்றைக்குப் போகவே வேண்டாம்.

“ஆற்றில் மீன் பிடித்துச் சமைக்கலாமா?” கூடாது. வாழைத் தோட்டங்களில் 1993 வரை அடித்த குளோர்தெகோன் பூச்சிக்கொல்லி இந்தப் பகுதி மண்ணில் இன்னும் தங்கியிருக்கிறது, ஆற்று மீனிலும் இறாலிலும் ஏறுகிறது. மீன் வேண்டுமென்றால் ஊரில் ஏதாவது உணவகத்தில் ‘கொலம்போ’ கேளுங்கள், நம் குழம்புக்குக் கிட்டத்தட்ட உறவு.