குழந்தை எழுந்துவிட்டால் தரையில் என்ன கிடக்கும்?

பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் என் கணவர் ஒரு சனிக்கிழமை மூன்று மரப் பேலட்டுகளை, அதாவது சரக்கு அடுக்கும் பலகைத் தட்டுகளை, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். காயலான் கடையில் ஒன்று 150 ரூபாய். செருப்பு ஸ்டாண்ட் செய்வதாகத் திட்டம். கடையில் வாங்கினால் 2,500, நமக்கு 450-ல் முடிந்துவிடும் என்பது அவர் கணக்கு. லிங்கராஜபுரம் வாடகை வீட்டின் பால்கனியில் ஒரு பேலட்டைப் பாதி பிரித்திருப்போம், சின்னவள் எழுந்துவிட்டாள். அடுத்த வாரம் பெரியவனுக்குக் காய்ச்சல். மூன்றாவது வாரம் நான் துணி காயப்போடப் போனபோது பின்னாலேயே தவழ்ந்து வந்தவள், வாயில் எதையோ அதக்கிக்கொண்டு சிரித்தாள். விரலை விட்டு எடுத்தேன். ஒன்றரை அங்குல ஆணி, துருப்பிடித்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சிக்கனக் கணக்கு போடும் விதமே மாறிவிட்டது. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் எந்த வேலையும் ஒரே மூச்சில் முடியாது. பகல் தூக்கம் நாற்பது நிமிடம், அதிலும் பாதி நேரம் குக்கர் விசிலுக்கே முழிப்பு வந்துவிடும். அதனால் எவ்வளவு மிச்சமாகும் என்று பார்ப்பதற்கு முன்னால் இதைக் கேட்டுக்கொள்கிறேன்: இந்த நிமிடமே அவள் எழுந்துவிட்டால் வேலை எந்த நிலையில் நிற்கும், தரையில் என்ன கிடக்கும்? நான் செய்த தவறுகளில் முக்கால்வாசி, இதைக் கேட்காமல் ஆரம்பித்ததால் வந்தவை.

திறந்து வைத்த பக்கெட்

பெங்களூருக்காரர்களுக்குத் தண்ணீரில் சிக்கனம் பிடிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2024 மார்ச்சில் போர்வெல்கள் வற்றி, டேங்கருக்கு வரிசையில் நின்றோம். குடிநீரில் கார் கழுவினால், செடிக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அன்றிலிருந்து வாஷிங் மெஷின் அலசிய தண்ணீர், ஆர்ஓ கழித்துவிடும் தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர் எல்லாம் எங்கள் வீட்டில் பக்கெட்டுக்குப் போகிறது. நல்ல பழக்கம்தான். ஆனால் ஒரு வயதுக் குழந்தை இருக்கிற வீட்டில் திறந்த பக்கெட்டைவிட ஆபத்தான பொருள் அதிகம் இல்லை.

அந்த வயதில் உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம். பக்கெட்டின் விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்க்கிற குழந்தை தலைகீழாக விழுந்தால், தன்னைத் தானே தூக்கிக்கொள்ளும் பலம் கைகளில் இருக்காது. நிறையத் தண்ணீர் வேண்டியதில்லை, மூக்கும் வாயும் முங்குகிற அளவு போதும். சத்தமும் வராது. கூச்சல் கேட்டால் ஓடிப்போய்த் தூக்கிவிடலாம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

தட்டையான மூடியை மேலே வைத்துவிட்டால் போதும் என்று நானும் நினைத்தேன். அவள் அதை ஒரு தட்டு தட்டித் தள்ளினாள். இப்போது ஆர்ஓ குழாயின் முனை 20 லிட்டர் தண்ணீர் கேனுக்குள் போகிறது. வாய் குறுகலானது, கைகூட உள்ளே போகாது. மெஷின் தண்ணீரைச் சேர்த்து வைப்பதே இல்லை. துணி துவைக்கும் நேரமும் வீடு துடைக்கும் நேரமும் ஒன்று என்று வைத்துக்கொண்டேன். மிஞ்சியது நேராகக் கக்கூஸில் ஊற்றப்படும், பக்கெட் கவிழ்த்து வைக்கப்படும். மாலைக்கு ஆகுமே என்று அரை பக்கெட்டை விட்டுவைப்பதுதான் தவறு. பாத்ரூம் கதவுக்கு வெளியே, என் தோள் உயரத்தில், ஒரு தாழ்ப்பாளும் வைத்தோம். அதற்கு 60 ரூபாயும், வீட்டுக்காரரிடம் துளை போட அனுமதி கேட்ட பத்து நிமிடமும் ஆயின.

ஜூஸ் பாட்டிலில் ஜூஸ் அல்லாதது

எங்கள் தெருவில் பாதி வீடுகளில் பயோ என்சைம் தயாராகிறது. ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு ஆரஞ்சு அல்லது எலுமிச்சைத் தோல், பத்துப் பங்கு தண்ணீர், மூன்று மாதம். தரை துடைக்க, சிங்க் கழுவ அருமையாக இருக்கும். இதில் முதல் தவறு கண்ணாடி பாட்டில். நொதிக்கும்போது வாயு சேரும், முதல் மாதம் தினமும் மூடியைத் தளர்த்திவிடாவிட்டால் வெடிக்கும். கீழ் வீட்டுக் கன்னடக்கார அம்மா, "பிளாஸ்டிக்ல போடும்மா, மேல கொஞ்சம் காலி வுடு" என்று முன்பே சொல்லியிருந்தார். கேட்டுக்கொண்டேன்.

ஆனால் வடிகட்டியதைக் காலி கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைத்தேன். வீணாகப் போகிற பாட்டில்தானே. பொன்னிறமாக, ஆரஞ்சு வாசத்தோடு இருந்தது. நான்கு வயதுக்காரன் இரண்டு டம்ளரோடு வந்து, "அம்மா, பாப்பாவுக்கும் ஜூஸ்" என்றான். அது வெறும் பயோ என்சைம். பக்கத்திலேயே, சைக்கிள்காரரிடம் வாங்கிய பினாயில், காலி தண்ணீர் பாட்டில் ஒன்றில் இருந்தது. குழந்தைக்கு எழுத்து தெரியாது, பாட்டிலின் வடிவம்தான் தெரியும். சாப்பாட்டுப் பாத்திரத்தில், சாப்பாட்டு பாட்டிலில் வேறு எதுவும் போகக்கூடாது. பெயிண்ட் அடிக்கும்போது டம்ளரில் ஊற்றி வைக்கிற தின்னருக்கும் இது பொருந்தும்.

யாராவது குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தின்னர், மண்ணெண்ணெய் போன்றவை வெளியே வரும்போது நுரையீரலுக்குள் போனால் இன்னும் மோசம். 108-ஐ அழையுங்கள், அல்லது பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இன்னொன்று: பளிச்சென்று ஆகட்டுமே என்று ப்ளீச்சிங் பவுடரோடு பாத்ரூம் ஆசிட்டைக் கலக்கிறவர்கள் உண்டு. அதிலிருந்து கிளம்புவது குளோரின் வாயு. பயோ என்சைமும் புளிப்புதான், அதையும் ப்ளீச்சோடு சேர்க்கக்கூடாது.

பழைய மரம், பழைய பெயிண்ட்

பேலட் வேண்டவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். முதலில் பக்கவாட்டில் சூடு போட்ட முத்திரையைப் பாருங்கள். ஏற்றுமதி இறக்குமதிக்குப் போகும் பேலட்டில் கோதுமைக் கதிர் படமும் எழுத்துகளும் இருக்கும். ஹெச்டி (HT) என்றால் சூடேற்றிப் பூச்சி கொன்றது, எம்பி (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவில் வைத்தது. எம்பி என்று இருந்தால் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். முத்திரையே இல்லை, எண்ணெய்க் கறை இருக்கிறது, மருந்து வாடை வருகிறது என்றால் அது எதைச் சுமந்ததோ, விட்டுவிடுங்கள். பிரிப்பதற்குக் கடப்பாறையோடு மல்லுக்கட்டியதும் எங்கள் தவறு. அந்த ஆணிகள் முறுக்கு ஆணிகள், பிடுங்கினால் பலகைதான் பிளக்கும். தச்சர் பலகைக்கும் கட்டைக்கும் நடுவே பிளேடு விட்டு ஆணியையே அறுத்துவிடுகிறார்.

கணவரின் தாத்தா வீடு கோலார் தங்கவயலில் (கேஜிஎஃப்). அங்கிருந்து பச்சை எனாமல் அடித்த மர அலமாரி ஒன்று டாடா ஏஸில் வந்து சேர்ந்தது. தேக்கு, கல்லு மாதிரி இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதுப் பெயிண்ட் அடித்தால் குழந்தைகள் துணிக்கு ஆகும் என்று ஆசை. நல்லவேளை, தேய்ப்பதற்கு முன்னால் தச்சரிடம் காட்டினோம். வீட்டு பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில், அதுவும் பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு, பச்சையில், ஈயம் தாராளமாக இருந்திருக்க வாய்ப்பு உண்டு. அலமாரி சும்மா நிற்கும்வரை பெரிய தொல்லையில்லை. உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் தரையெங்கும் படியும். தவழ்கிற குழந்தையின் கை தரையில், அடுத்த நொடி வாயில். மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் ஈயத்துக்கு ரத்தத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. ஆகவே வீட்டுக்குள் தேய்க்காதீர்கள். அந்த அலமாரி இப்போது பட்டறையில் இருக்கிறது. செலவு புது அலமாரிக்குக் கொஞ்சம்தான் குறைவு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் கைப் பொருள்

அக்கா பிள்ளைகளின் துணி தம்பி பிள்ளைகளுக்கு வருவது நம் வீடுகளில் வழக்கம். என் நாத்தனார் கொடுத்த டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசம் முகத்தில் அடித்தது. அப்படியே எடுத்து மாட்டிவிடக்கூடாது. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும், அது வெளியே தெரியாது. பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலீன் அவர்கள் உடம்பில் சேர்ந்தால் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரும். பச்சைக் குழந்தைக்கு இது விளையாட்டல்ல. துவைத்து, வெயிலில் போட்டு, வாசம் முழுக்கப் போன பிறகுதான் உடுத்த வேண்டும். நான் இப்போது துணிகளை நன்றாகக் காயவைத்துப் பிளாஸ்டிக் டப்பாவில் இறுக்கி மூடி, காய்ந்த வேப்பிலை போட்டு வைக்கிறேன். உருண்டையை மிட்டாய் என்று எடுத்துத் தின்கிற பயமும் இல்லை.

பழைய பொம்மைகளில் நான் பார்ப்பது ஒரே இடம், பேட்டரி மூடி. அவென்யூ ரோடு பக்கம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் 40 ரூபாய்க்குப் பாட்டுப் பாடும் வாத்து ஒன்று எடுத்தேன். அடியில் திருகாணி இல்லை, செலோ டேப் ஒட்டியிருந்தது. உள்ளே மூன்று பட்டன் பேட்டரிகள். விழுங்கிவிட்டால் உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்திலேயே அரித்துவிடும். திருகாணி போட்டு மூட முடியாத பொம்மை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். புதிதாக வாங்கினால் ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள், 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். சக்கரம் வைத்த பேபி வாக்கர் யாராவது சும்மா கொடுத்தாலும் நான் வாங்குவதில்லை. படிக்கட்டில் உருண்ட கதைகள் ஏராளம், கனடாவில் 2004-லேயே தடை செய்துவிட்டார்கள்.

அடுப்படி

சத்துமாவு. மொத்தமாக அரைத்தால் மலிவு என்று யஷ்வந்தபுரம் மண்டியிலிருந்து ராகி மூட்டையே எடுத்தேன், ஜூலையில். முளைகட்டிய ராகியைக் காயவைக்க நான்கு நாள் வெயிலே வரவில்லை. ஒரு மூலையில் சாம்பல் நிறப் பூஞ்சை. "வறுத்தா சரியாப் போயிடும், ஏன் கொட்டணும்?" என்றார் அத்தை. போகாது. பூஞ்சை விடுகிற நச்சு வறுக்கிற சூட்டுக்கு மசியாது. இரண்டு கிலோவையும் கொட்டினேன். இப்போது அரைக் கிலோ மட்டும், மழைக்காலத்தில் முளைகட்டாமல், வறுத்ததை முழுக்க ஆறவிட்டு அரைத்து வைக்கிறேன். பாதாம், முந்திரியைச் சேர்த்து அரைத்தால் மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், தனியே கொஞ்சமாகப் பொடித்துக்கொள்ளலாம். இருபது சாமான் போட்ட மாவை ஆறு மாதக் குழந்தைக்கு முதல் உணவாகக் கொடுப்பதும் சரியல்ல. ஒவ்வாமை வந்தால் எதனால் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? ஒவ்வொன்றாக, சில நாள் இடைவெளியில். ஒரு வயதுக்குள் தேன் ஒரு சொட்டுகூட வேண்டாம்.

பால் பவுடரில் மட்டும் சிக்கனமே கூடாது. மாதக் கடைசியில் ஒரு ஸ்கூப் குறைத்து, தண்ணீர் கூட்டி ஆற்றுகிறவர்களை நான் அறிவேன். கை நெருக்கடியில் செய்வது, குற்றம் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் தண்ணீர் கூடினால் ரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பு வரை போகும், எடையும் ஏறாது. மற்ற எதை வேண்டுமானாலும் குறையுங்கள், டப்பாவில் போட்டிருக்கும் அளவு அப்படியே இருக்கட்டும்.

தையலைப் பற்றி ஒன்றுதான். வட கர்நாடகத்துப் பெண்கள் பழைய புடவைகளை அடுக்கி கௌதி என்று போர்வை தைப்பார்கள், கீழ் வீட்டு அம்மாவுக்கும் அது கைவந்த கலை. அவர் உட்கார்ந்ததும் ஊசிகளை எண்ணுவார், எழுந்திருக்கும்போதும் எண்ணுவார். குண்டூசிக்குப் பழைய ஸ்பீக்கர் காந்தம். நூல்கூடை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். பேத்தி கூப்பிட்டால் பத்து நொடியில் எல்லாம் மேலே போய்விடும். நானும் அவரிடம் தைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன், இதுவரை ஒன்றரை முழம்.

பேலட்டுகள் இரண்டைத் தச்சர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். மூன்றாவதில் 23 ஆணிகளை அறுத்து எண்ணி டப்பாவில் போட்டுக் கொடுத்தார். பலகைகள் பரண்மேல் இருக்கின்றன. செருப்புகள் இன்னும் படிக்கட்டில்தான்.